மூன்றாம் நம்பர் பொய்க்கதவு

திரிங்காப் பக்கமிருந்து இறங்கிவரும் காய்கறி லோரிகளில் ஒன்றை வாரத்துக்கு ஒரு முறை அவர் கைகாட்டி நிறுத்துவார். முள்ளங்கி கேட்பார். கோணலாகவும் குட்டையாகவும் வளர்ந்து சந்தையில் யாரும் தொடாத முள்ளங்கி. விரல் தண்டிக்கு இருந்தால் போதும். லோரிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த முள்ளங்கி ஒரு நாளும் அவர் வீட்டுச் சட்டிக்குப் போனதில்லை. பழைய துணிக் கையுறையின் ஐந்து விரல்களிலும் ஒவ்வொன்றாகச் செருகுவார். உள்ளங்கைக்கு ஈரத் தேயிலைக் கழிவு. மணிக்கட்டில் சணல் கட்டு. அதை ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டிக்கொண்டு, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கும் மெஷினுக்கு முன்னால் போய் நிற்பார். பல் வைத்த இரண்டு இரும்பு உருளைகள் நெருங்கிச் சுழலும் மெஷின் அது. மேலிருந்து வாடிய இலை விழும். கீழே பச்சைக் குழம்பாக வரும். முன்பக்கம் கம்பிவலைக் கதவு. கதவைத் திறந்தால் உருளைகள் நின்றுவிட வேண்டும். நிற்கிறதா, அதுவும் ஒரு மனிதக் கை உள்ளே போய்ச் சேர்வதற்கு முன்பே நிற்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பொய்க்கை.

தூள் சலிக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவார்கள்.

"அண்ணே, சாம்பாருக்கு ரெண்டு மிச்சம் வைங்கண்ணே!"

"ஒன் வெரலு மிஞ்சணுமா, முள்ளங்கி மிஞ்சணுமா? நீயே சொல்லு," என்பார் திரும்பிப் பார்க்காமலே.

கதவைச் சட்டென்று திறந்து, அவசரக்காரி ஒருத்தி கையை நீட்டுவது போலக் கழியை நீட்டுவார். உருளை நின்றுவிட்டால் இன்னும் இருபது முறை நீட்டுவார். நிற்காவிட்டால் மெஷினுக்கு அடியில் குனிந்து, பச்சைக் குழம்புக்குள் கிடக்கும் வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பழைய பேப்பரில் அடுக்குவார். "ரெண்டு வெரலு முழுசாப் போச்சு. மூணாவது பாதி." அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

தோட்டத்தில் எல்லோரும் அவரைப் பிட்டர் என்றுதான் அழைத்தார்கள். மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப்போவதில்லை. நான் கேட்டிருந்தால் அவர் எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

எதையும் முதல் தடவை நம்பமாட்டார் என்பதுதான் அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. அதையே அவர் வேறு மாதிரிச் சொல்வார். "நம்புறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி ஏமாத்திப் பாத்துரணும். ஏமாறலன்னா அப்புறம் கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்லா." வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினால் முதல் வேலையாக ஆணியால் அதைத் திறக்கப் பார்ப்பார். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டால், ஆட்கள் உட்காருவதற்கு முன் மேலே ஏறிக் குதிப்பார். பூசாரி தலையில் அடித்துக்கொள்வார்.

ரிங்லெட்டில் பெண் பார்க்கப் போனபோது, கூட வந்த நண்பரை மாப்பிள்ளை என்று நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் காடி ஓட்டி வந்தவர் போல வாசலிலேயே நின்றாராம். டீத் தட்டோடு வந்த பெண், வாசலில் நிற்பவருக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தார். உடனே இவர், "நாந்தாங்க மாப்ள," என்று சொல்லிவிட்டாராம். அவருடைய மனைவி இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் ஒரே மாதிரிதான் முடிப்பார்: "அன்னைக்கு டிரைவருன்னு நெனச்சு ஒரு டீ குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கேன், நிக்க மாட்டேங்குது."

எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அவரை எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரணம் ஒரு மணல் மூட்டை.

எழுபதுகளின் கடைசியில் நான் தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளியில் படித்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் நான். அப்பா புல் வெட்டினார், அம்மா கொழுந்து கிள்ளினார். இருவருக்கும் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். தோட்டத்து லோரிதான் எங்களுக்குப் பள்ளிப் பேருந்து. ஒரு முறை லோரியின் பின்கதவைப் புதிதாக மாற்றினார்கள். அன்று காலை நாங்கள் பதினாலு பேர் ஏற நின்றபோது, பிட்டர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பதினாலு மணல் மூட்டைகளை ஏற்றினார். என் தலையிலிருந்த சிவப்பு ரிப்பன் ஒன்றை வாங்கி ஒரு மூட்டையின் வாயில் கட்டினார்.

"இது நீ."

"நான் மூட்டையா?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்மா."

லோரி கீழ்வளைவு வரைக்கும் வேகமாகப் போய்த் திரும்பி வந்தது. பதிமூன்று மூட்டைகள்தான் இருந்தன. ரிப்பன் கட்டிய மூட்டை வளைவில் விழுந்து வெடித்துக் கிடந்தது. அவர் கொக்கியைக் கழற்றி வேறு மாட்டினார். நாங்கள் பள்ளிக்குத் தாமதமாகப் போனோம். பையன்கள் அந்த வருடம் முழுக்க என்னை மூட்டை என்று கூப்பிட்டார்கள். அந்த இடத்தில் நான் விழுந்து கிடந்திருப்பேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. எல்லோர் முன்னாலும் என்னை ஒரு மூட்டையாக்கிக் காட்டிவிட்டார் என்பதுதான் மனதில் நின்றது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் தேறியதும் தோட்டத்து அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்குக் கீழே, தட்டச்சும் கடிதங்களும். முதல் நாள் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசல் வரை வந்து, நான் மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். இப்போதும் அப்படித்தான் நடக்கிறேன். பிட்டர் என்னைக் 'கிராணியம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலியா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

இனிச் சொல்ல வேண்டியது பொய்க்கதவைப் பற்றி.

உருளைகளின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டுமென்றால் அவை சுழலும்போது பார்க்க வேண்டும். கதவைத் திறந்தால்தான் பார்க்க முடியும். ஆனால் கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். அதற்காக அவர் ஒரு மரக்கட்டை செய்தார். உள்ளங்கை அளவு. அதன் முனையில் இரண்டு பித்தளை முள். அலுவலகத்துக்கு எண்ணெய் வாங்கச் சீட்டு எழுதிக்கொள்ள வந்தபோது மேசைமேல் வைத்துக் காட்டினார்.

"மெஷினுக்குக் கண்ணு கிடையாதும்மா. கதவு மூடியிருக்குன்னு யாராச்சும் அதுக்குச் சொல்லணும். கதவுல இந்த மாதிரி ரெண்டு முள்ளு இருக்கு, கதவ மூடுனா அது மெஷின் தொளைக்குள்ள போயிச் சொல்லுது. இந்தக் கட்டையச் சொருகினா இதுவும் போயி அதையேதான் சொல்லும். அது நம்பிரும். பாவம்."

"அப்ப இது கதவுதான்னு சொல்லுங்க."

"பொய்க்கதவு."

மூன்று மெஷின்களுக்கும் மூன்று கட்டைகள் செய்து, நம்பர் போட்டு, சோதனைக்கு மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப ஆணியில் மாட்டி வைப்பார். இரண்டு வருடம் அப்படியே நடந்தது.

ஒரு மழைக்குப் பிறகு கொழுந்து கட்டுக்கடங்காமல் வந்தது. மேல்மாடியில் இலை குவிந்தது. மெஷின்கள் ஓயாமல் ஓடி அடிக்கடி அடைத்துக்கொண்டன. அடைத்தால் கதவைத் திறக்க வேண்டும், நிற்கும், கையால் எடுக்க வேண்டும், மூட வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். ஒருநாள் பிட்டர் உள்ளே போனபோது மூன்றாவது மெஷின் கதவு திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. கட்டை செருகியிருந்தது. ஒரு ஆள் சுழலும் உருளைக்கு நாலு விரற்கடை தூரத்தில் கையை விட்டு இலையை இழுத்துக்கொண்டிருந்தான். பிட்டர் ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார். தொழிற்சாலை முழுவதும் ஊமையாகிவிட்டது.

அரைக்கும் பகுதி முழுவதையும் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஓடிவந்தார். அந்தச் சண்டை அலுவலகம் வரை கேட்டது.

"யாருய்யா நிறுத்துனது?"

"நாந்தான் சார்."

"மேல மல மாதிரி குவிஞ்சு கெடக்கு. இன்னும் ஒரு மணி நேரம் போனா அத்தனையும் கெட்டுப் போயிரும். தொரைக்கு நீ பதில் சொல்றியா?"

"கட்டையச் சொருகிட்டு ஓட்டுறாங்க சார். அது வேலைக்குச் செஞ்சது இல்ல. சோதிக்கச் செஞ்சது."

"நீ சொருகலாம், அவன் சொருகக் கூடாதா? நல்ல ஞாயம்யா ஒன் ஞாயம்!"

கொஞ்ச நேரம் கழித்துப் பிட்டர் அலுவலகப் படியில் வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அவரு கேட்டது சரிதாம்மா," என்றார். "ஓட்ட மெஷினுல இல்ல. என் கட்டையிலதான் இருக்கு. பூட்டு, பந்தலு, லோரின்னு எல்லாத்தையும் சோதிச்சேன். சோதிக்கிற கட்டைய ஒரு வாட்டிகூடச் சோதிக்கல பாரு."

அடுத்த பத்து நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். பத்தாம் நாள் ஒரு புதுக் கட்டையோடு வந்தார். அதில் இரண்டு கைநீள ஒயர். ஒயரின் முனையில் ஒரு பலகை. பலகையின் இரு கோடியிலும் ஒரு பொத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் உருளை சுழலும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். இரண்டு கையும் பலகையில் இருந்தால் மெஷினுக்குள் எந்தக் கை போகும்?

அதையும் அவர் உடனே நம்பிவிடவில்லை. சலிக்கும் பெண்களைக் கூப்பிட்டு, "இத ஏமாத்திக் காட்டுங்க பாப்போம். ஏமாத்துறவங்களுக்கு நான் கோப்பி வாங்கித் தரேன்," என்றார். ஒருத்தி ஒரு பொத்தானை முழங்கையால் அமுக்கினாள். அவர் பலகையை நீளமாக்கினார். இன்னொருத்தி பொத்தானைச் சணலால் கட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். அவர் பொத்தான்களைப் பள்ளத்துக்குள் இறக்கினார். இரண்டு பேருக்கும் கோப்பி. நாலு நாள் கழித்து யாராலும் ஏமாற்ற முடியவில்லை. பழைய கட்டை இனிப் பொருந்தவே கூடாது என்று மெஷின் துளைகளையும் மூன்று முள்ளுக்கு மாற்றினார். ஒன்றாம் நம்பரையும் இரண்டாம் நம்பரையும் கோடாரியால் பிளந்து அடுப்பில் போட்டார்.

இரண்டு குறை இருந்தது. மூன்றாவது மெஷினுக்கு வேண்டிய சாமான் ஈப்போவிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை அந்த மெஷினை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டதற்குத் தோட்டத்தை நடத்தும் துரை முடியாது என்றார்; கொழுந்து அப்படி வந்துகொண்டிருந்தது. இன்னொன்று, மூன்றாம் நம்பர் பழைய கட்டையைக் காணவில்லை. டீமேக்கர் தன்னிடம் இல்லை என்றார். எங்கேயோ ஒரு மேசைக்கு அடியில், ஒரு சாக்குக்குப் பின்னால் அது இருந்தது. அதைச் செருகினால் அந்த ஒரு மெஷின் இன்னும் நம்பும்.

காலை முறை ஆட்களிடம் பிட்டர் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டார். ஆனால் மதிய முறைக்குத் தோட்டத்திலிருந்து மாற்று ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், நாளுக்கு ஒருவர். அதோடு ஆற்றோரத் தண்ணீர் பம்பு ரோசாக் ஆகி, அவரை அதைப் பழுது பார்க்க மூன்று நாளைக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

அவர் கொண்டுவந்த தாள் எண்ணெய்க் கறையோடு இருந்தது. அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பொய்க்கதவு கட்ட மூனாம் நம்பரு யாருகிட்ட இருந்தாலும் குடுத்துருங்க. அத சொருகுனா மெசின் நிக்காது. கை போயிரும்.' கீழே ஒரு படம். கட்டை, அதன் இரண்டு முள், பக்கத்தில் மூன்று விரல் இல்லாத ஒரு கை. எல்லாவற்றின் மேலும் பெரிய பெருக்கல் குறி. நன்றாகவே வரைந்திருந்தார்.

"படம் எதுக்குண்ணே?"

"படிக்கத் தெரியாதவங்களுக்கும்மா."

"ஆபீஸ் நோட்டீஸ்ல கை படமெல்லாம் போட மாட்டாங்கண்ணே. பெரிய கிராணி சிரிப்பாரு. நான் ஒழுங்கா எழுதித் தர்றேன், இருங்க."

என் கையெழுத்து அழகானது. மேலே மலாய் மொழியில் தட்டச்சு செய்து, கீழே தமிழில் கையால் எழுதினேன். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். எழுதியதை அவரிடம் வாசித்தேன்.

'பாதுகாப்புப் பரிசோதனைத் துணைக்கருவி எண் மூன்றினைத் தம்வசம் வைத்திருப்போர் அதனை உடனடியாக அலுவலகத்தில் ஒப்படைக்குமாறும், அதன் பயன்பாட்டினை முற்றாகத் தவிர்க்குமாறும் இதன்வழி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.'

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய கிராணி உள்ளிருந்து, "இது எழுத்து!" என்றார். எனக்கு முகம் மலர்ந்தது.

"நல்லாருக்கும்மா," என்றார் பிட்டர். கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணு. வெளிய மாத்து வேலைக்குப் பேரு குடுக்க நாலஞ்சு பொம்பளைங்க நிக்கிறாங்க. அதுல ஒருத்தரக் கூப்புட்டு இத வாசிச்சுக் காட்டி, என்னா வெளங்குச்சுன்னு கேட்டுப் பாத்துருவமா?"

அந்த மூட்டை எனக்கு ஞாபகம் வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் சூடாகத்தான் சொன்னேன்.

"என் எழுத்துக்குள்ளயும் முள்ளங்கிய விட்டுச் சோதிக்கணுமாண்ணே? நான் பார்ம் பைவ் பாஸ் பண்ணவ."

பெரிய கிராணி சத்தமாகச் சிரித்தார். பிட்டரின் காது சிவந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சிரும்மா. நீ படிச்ச புள்ள. நான் ஒரு கோட்டிக்காரன், எல்லாத்தையும்..." என்று முடிக்காமல் எழுந்து, அறிவிப்பை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் தானே ஒட்டிவிட்டு, பம்பு பார்க்கப் போனார். அவர் எழுதிய தாளை நான் என் மேசை இழுப்பறையில் போட்டேன்.

வெளியே நின்ற அந்த நாலைந்து பேரில் அஞ்சலை அக்காவும் ஒருவர். எங்கள் லயத்தில் அடுத்த வீடு. கொழுந்து கிள்ளுவதில் அவருக்கு நிகர் யாருமில்லை. இரண்டு கையும் செடிமேல் ஓடுவதைப் பார்த்தால் மீன் கொத்துகிற மாதிரி இருக்கும். குனிந்து நின்று முதுகு வலி வந்து, கொஞ்ச நாளைக்குத் தொழிற்சாலையில் போடச் சொல்லிக் கேட்டிருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்குத் தொழிற்சாலைச் சத்தம் திடீரென்று நின்றது. மின்சாரம் போய்விட்டதாக நினைத்துத் தட்டச்சைத் தொடர்ந்தேன். பிறகு அலறல் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அஞ்சலை அக்காவைத் துரையின் காடியில் ஏற்றிவிட்டார்கள். வலது கையைச் சுற்றியிருந்த சேலைத்துணி முழுவதும் சிவப்பு. மூன்று விரல்கள்.

பிட்டர் அவ்வளவு சொல்லியும், முந்தின முறை ஆள், "அடைச்சா இந்தக் கட்டையச் சொருகிட்டு எடுங்கக்கா, சுருக்கா முடியும்," என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது.

பிட்டர் சேறு படிந்த காலோடு ஓடிவந்தார். மூன்றாவது மெஷினில் கட்டை இன்னும் செருகியபடியே இருந்தது. அதை அவர் தொடவில்லை. சுவரருகே போய் என் அறிவிப்பின் முன்னால் நின்றார். வார்த்தைகளுக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தி, மெதுவாக, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஞ்சலை அக்கா, "பசியாறிட்டியா தங்கச்சி?" என்றுதான் முதலில் கேட்டார். அறிவிப்பு ஒட்டியிருந்ததே அக்கா, பார்க்கவில்லையா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. தப்பு அவருடையதாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று மனம் எங்கோ நினைத்திருக்க வேண்டும்.

"பாத்தேனே. அங்க ஒரு புள்ள வாசிச்சும் காட்டுச்சு. நல்லாருந்துச்சு தங்கச்சி, கோயில்ல படிக்கிற மாதிரி. ஆபீசுல ஏதோ சாமான் காணாமப் போச்சு போலன்னு நெனச்சேன். அந்தக் கட்டையத்தான் சொல்றாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தார். "இவதான் எழுதுனது," என்றார்.

அஞ்சலை அக்கா இன்றும் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். இடது கையால் கிள்ளப் பழகிக்கொண்டார். என் மேசை இழுப்பறையில் என்ன இருந்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. பிட்டர் அந்த மாதக் கடைசியில் தோட்டத்தை விட்டுப் போனார். போவதற்கு முன் மூன்றாவது மெஷினுக்கும் புதுத் துளை வைத்து, நூறு முறையாவது சோதித்திருப்பார். தாப்பா பக்கம் ஏதோ மர ஆலையில் இருப்பதாகச் சொன்னார்கள். ரிங்லெட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் கீழேயிருந்து ஏறிவரும் ஆட்களின் முகங்களைப் பார்ப்பேன். பார்த்தால் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். அதையும் பல முறை திருத்திவிட்டேன்.

அவர் ஏன் போக வேண்டி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை எங்கள் அலுவலகத்தில்தான் நடந்தது. தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், தமிழர். பக்கத்தில் துரை. வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. டீமேக்கர், அறிவிப்பு முறையாக ஒட்டப்பட்டிருந்தது, அதை மீறியது அந்தப் பெண்ணின் தவறு என்றார். துரை என் அறிவிப்பின் நகலை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி வாசித்துவிட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கு," என்றார். பிறகு பிட்டரைக் கூப்பிட்டார். அவர் உட்காரவில்லை.

"கட்டையச் செஞ்சது யாரு?"

"நாந்தாங்க. மூணாவதத் தொலச்சதும் நாந்தான். அந்தப் பொம்பள மேல தப்பு இல்லைங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"நோட்டீஸ ஒட்டுறதுக்கு முன்னாடி பாத்தியா?"

"பாத்தேங்க. வாசிச்சுக் காட்டுனாங்க."

"வேலையாளுங்களுக்கு இது வெளங்கும்னு நெனச்சியா?"

"நாந்தாங்க ஒட்டுனேன்."

"மாத்து வேலைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியுமில்ல?" அதிகாரி தாளைக் கீழே வைத்தார். "ஒரு படமாவது வரைஞ்சு போட்டிருக்கலாமே. அதுகூடத் தோணலியா ஒனக்கு?"

என் முழங்காலுக்கு நேரே இழுப்பறை இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த தாள், மேலாகத்தான் கிடந்தது. இழுத்து எடுத்து மேசைமேல் வைக்க எத்தனை நேரம் ஆகும்? என் இரண்டு கைகளும் தட்டச்சு இயந்திரத்தின் மேல் இருந்தன.

பிட்டர் என் பக்கம் பார்க்கவேயில்லை. துரைக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோணலைங்க," என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்து, எழுதிக்கொள் என்று தலையசைத்தார். 'படம் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.' அதை ஆங்கிலத்தில் மாற்றித் தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் வந்தது.